வேகமான கார் இருக்கு, ஓட்ட இடம்? – சோழவரம் ஓடுபாதை சொல்லும் கதை

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் புனேயிலிருந்து லோனாவாலா பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று ஏழெட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாகப் போகும். வெங்காய லாரிக்குப் பின்னால் உறுமிக்கொண்டே நிற்கும். போய்ச் சேர்ந்ததும் டீ, வடா பாவ், கொஞ்சம் போட்டோ. அப்புறம் வெயில் ஏறுவதற்குள் வீடு. மணிக்கு 300 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி, அன்றைக்கு நம்ம மாருதி போன வேகத்தில்தான் போய் வந்திருக்கும்.

என் வேலை கார் லோன் பேப்பர் பார்ப்பது. காரைப் பற்றித் தெரிந்ததைவிட அதன் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஹைப்பாதிகேஷன் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். எங்கள் காலனியில் ஒரு தமிழ்க் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். பையன் ஐ.டி.யில் இருக்கிறான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிவிட்டான். "அங்கிள், இதை எங்கேதான் முழுசா ஓட்டறது?" என்று என்னைக் கேட்டான். பக்கத்தில் இருந்த அவன் அப்பா, "எங்கேயும் ஓட்டாதே, துடைச்சு நிறுத்தி வை" என்றார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்!

இந்தக் கேள்வி இன்றைக்கு வந்தது இல்லை. உலகம் முழுக்க 70, 80 வருஷமாக வேகமான கார் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அதற்கு உருப்படியான பதில் கண்டுபிடித்த ஊர்களில் ஒன்று நம்ம சென்னை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் விட்டுப்போன தார்

முதலில் வெளியூர் சமாசாரத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1944ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சில கார் பிரியர்கள் சேர்ந்து 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து சின்னச் சின்ன எம்.ஜி., ஜாகுவார் கார்கள் வர ஆரம்பித்ததும், வைத்திருப்பவர்களுக்குப் போட்டி போட ஆசை வந்துவிட்டது. 1948 அக்டோபர் 2ந்தேதி, வாட்கின்ஸ் க்ளென் என்ற சின்ன ஊரின் தெருக்களிலேயே பந்தயம் நடத்தினார்கள். தெரு ஓரத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1952ல் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து 7 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அதோடு ஊருக்குள் பந்தயம் என்பது முடிவுக்கு வந்தது. 1956ல் அதே ஊரில் இதற்கென்றே தனித் தளம் போட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கர்களுக்குக் கைகொடுத்தது விமானப்படைத் தளங்கள். கர்டிஸ் லீமே என்ற விமானப்படைத் தளபதி தானே ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். தன் பொறுப்பில் இருந்த தளங்களை 1952 முதல் 1954 வரை பந்தயத்துக்குத் திறந்துவிட்டார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன் என்று டி.வி.யில் பார்க்கிறோமே, அது யுத்த காலத்து விமானத் தளம். அங்கே முதல் கிராண்ட் பிரீ நடந்ததும் அதே 1948 அக்டோபர் 2ந்தேதிதான். காந்தி மறைந்த பிறகு வந்த முதல் காந்தி ஜெயந்தி அன்றைக்கு, இரண்டு கண்டங்களில் இப்படி ஒரு ஒற்றுமை!

ஏன் விமானத் தளம்? யோசித்துப் பாருங்கள். நல்ல அகலமான தார். குறுக்கே மாடு வராது, பஸ் வராது, தெருவில் விளையாடும் குழந்தை வராது. தப்பு செய்தால் செய்தவனோடு போகும், வழியில் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த விளையாட்டே வளர்ந்தது.

சோழவரம்

இந்தியாவிலும் யுத்தம் ஊர் ஊராக ஓடுபாதைகளை விட்டுப் போயிருந்தது. பம்பாயில் ஜூஹுவிலும், கல்கத்தா பக்கம் பாரக்பூரிலும் விமானத் தளங்களில் கார்ப் பந்தயம் நடந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே ஜி.என்.டி. ரோட்டில், செங்குன்றம் தாண்டி இருந்தது சோழவரம் ஓடுபாதை.

1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. ஆரம்பித்தவர்களில் இந்து சந்தோக்கும் ஒருவர். பின்னாளில் எஃப்1 ஓட்டிய கருண் சந்தோக்கின் தாத்தா. கார் வைத்திருந்தவர்கள், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள், எதுவும் இல்லாமல் ஆசை மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்த கூட்டம் அது. இந்தக் கூட்டம் சோழவரத்தில் நடத்திய பந்தயம் போகப்போக ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். இலங்கையிலிருந்துகூட வந்து ஓட்டியிருக்கிறார்கள். கோண்டல் மகாராஜா வருவார். 1980களில் விஜய் மல்லையா பழைய என்சைன் எஃப்1 காரையே கொண்டுவந்து ஓட்டினார் (ஆமாம், எங்கள் துறையில் பெயரைச் சொன்னாலே எல்லாரும் நிமிர்ந்து உட்காரும் அதே மல்லையாதான்).

நான் செங்குன்றத்துக்காரன். 1980களின் கடைசியில் சித்தப்பா என்னை ஒருமுறை அழைத்துப் போனார். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். எந்தக் கார் ஜெயித்தது என்று இன்றைக்கு நினைவில்லை. காது அடைத்ததும், வேர்க்கடலைப் பொட்டலமும், வளைவுக்கு வளைவு கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற ஆட்களும்தான் நினைவில் இருக்கிறார்கள். "இவங்கள்லாம் யாரு சித்தப்பா, போலீஸா?" என்று கேட்டேன். "இல்லடா, மார்ஷல். இவங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆசைக்கு வந்து நிக்கறாங்க" என்றார். வெயிலில் நிற்பதற்கு யாராவது ஆசைப்படுவார்களா என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் கூட்டம்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிளப் ஆரம்பித்த காலத்திலேயே வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசாங்கம் கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. அந்நியச் செலாவணிக் கஷ்டம். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன எம்.ஜி., மகாராஜாக்களின் ஜாகுவார், அங்கே இங்கே ஒரு லோட்டஸ், அவ்வளவுதான் நாட்டில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார். அவை மட்டும் வந்தால் போதும் என்று வைத்திருந்தால், நாலு வருஷத்தில் கிளப்பை இழுத்து மூடியிருப்பார்கள்.

அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஃபியட் வைத்திருக்கிறாயா, வா. ஸ்டாண்டர்ட் ஹெரால்டா, வா. அம்பாசிடரா, அதுவும் வரட்டும், அதற்குத் தனிப் பிரிவு. பழைய ஃபியட் இன்ஜினைக் கழற்றி, குழாய்களைப் பற்றவைத்து, தகரம் அடித்து நீயே ஒரு கார் கட்டினாயா, சபாஷ், அதற்கும் ஒரு பிரிவு. 1980களில் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் வந்தது. ஃபைபர் உடம்பு, இரண்டே கதவு, தெருவில் பார்த்தால் சிரிப்பு வரும். எடை குறைவு என்பதால் பந்தயத்தில் பெரிய கார்களுக்கே தண்ணி காட்டியது.

இந்தப் பட்டறைப் பழக்கத்தின் உச்சம் கோயம்புத்தூர் எஸ்.கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைத்திருந்தால் எந்த நாட்டுக் காரையும் ஆசைப்பட்டுத் தேடியிருக்கலாம். ஆனால் நம்ம மாருதி 800ன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே மாதிரி வண்டி, அதனால் ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையில். கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது இந்தக் காரில்தான். 2005ல் அவர் இந்தியாவின் முதல் எஃப்1 டிரைவர் ஆனார். 2010ல் கருண் சந்தோக். இதுவரை எஃப்1 பந்தயம் ஓட்டிய இந்தியர் இந்த இரண்டு பேர்தான், இரண்டு பேரும் தமிழ்நாட்டுப் பந்தயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கரிவர்தன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த சுமார் 2 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வாடகை வீடும் சொந்த வீடும்

விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்துவது வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி. சொந்தக்காரர் முகம் சுளித்தால் சாமான் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜூஹு இன்றைக்கு ஹெலிகாப்டர் தளம், பாரக்பூர் விமானப்படைத் தளம். பந்தயம் நின்று எத்தனையோ வருஷமாயிற்று.

மெட்ராஸ் கிளப் செய்த காரியம் என்னை மாதிரி பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவனுக்கு ரொம்பப் பிடித்த காரியம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக இடம் பிடித்து, தானே டிராக் போட்டது. 1990ல் திறந்தார்கள். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. பக்கத்தில் கார்த் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே வந்துவிட்ட டிராக். அரசாங்கம் கட்டியது கிடையாது, கம்பெனி கட்டியது கிடையாது. பொழுதுபோக்காகக் கூடிய ஒரு கூட்டம், தன் பெயரில் ஒரு சொத்து சேர்த்தது. இன்றைக்கு அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர், பந்தயம் நடக்கிறது.

இதோடு டெல்லி பக்கத்துக் கதையையும் வைத்துப் பாருங்கள். கிரேட்டர் நொய்டாவில் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட், 5.1 கிலோமீட்டர், 2011ல் திறந்தது. சுமார் 40 கோடி டாலர் செலவு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. உலகத்தரம், சந்தேகமே இல்லை. 2011, 2012, 2013 என்று மூன்று எஃப்1 பந்தயம் நடந்தது, மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். அப்புறம் நின்றுவிட்டது. இது விளையாட்டா கேளிக்கையா, எந்த வரி போடுவது என்று ஒரு தகராறு. எஃப்1 கம்பெனி இந்தியாவில் வருமான வரி கட்டவேண்டுமா என்று இன்னொரு வழக்கு, கட்டவேண்டும் என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கட்டிய கம்பெனியும் கடனில் மூழ்கியது. 2023ல் ஒரு மோட்டோ ஜிபி பந்தயம் நடந்தது. மற்றபடி அந்த டிராக்கில் கார்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், கார்க் கம்பெனிகளின் நிகழ்ச்சிகளும் வாடகைக்கு எடுத்து நடத்தும் டிராக் டேக்களும்தான்.

பணம் போட்டு டிராக் கட்டலாம், கூட்டத்தைக் கட்ட முடியாது. நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். சென்னையில் முதலில் கூட்டம் சேர்ந்தது, 37 வருஷம் கழித்து டிராக் வந்தது. நொய்டாவில் டிராக் முதலில் வந்தது, கூட்டம் அப்புறம் மெதுவாகச் சேர்ந்தது.

டிராக் டே என்றால் என்ன?

பந்தயம் இல்லை. யாரும் ஜெயிப்பதில்லை, கோப்பை கிடையாது. ஒரு நாள் டிராக்கை வாடகைக்கு எடுத்து, கார் வைத்திருப்பவர்கள் முறை வைத்து ஓட்டுவது. கணக்கு சீட்டுப் பிடிக்கிற மாதிரிதான். ஒரு பேச்சுக்கு, ஒரு நாள் வாடகையும் ஆம்புலன்சும் மற்ற செலவும் சேர்ந்து 3 லட்சம் என்று வையுங்கள். ஒருவர் தனியாக எடுத்தால் 3 லட்சம். 30 பேர் சேர்ந்தால் தலைக்கு 10,000. 30 காரை மூன்று பிரிவாக்கி, மணிக்கு ஒரு பிரிவுக்கு 20 நிமிஷம் கொடுத்தால், 6 மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 2 மணி நேர ஓட்டம். காரும் சரி, ஓட்டுகிறவரும் சரி, அதற்கு மேல் தாங்கமாட்டார்கள்.

காலையில் முதல் வேலை வண்டியைச் சோதிப்பது. பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், வீல் நட் எல்லாம் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், காலடி மேட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும் (பிரேக்குக்கு அடியில் பாட்டில் உருண்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்). ஹெல்மெட் கட்டாயம். பிறகு வகுப்பு எடுப்பார்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பி வா. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. புதியவர்களைத் தனிப் பிரிவில் போடுவார்கள். நேர் பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டோகிராஸ் இன்னும் எளிது, செலவும் குறைவு. பெரிய டிராக் வேண்டாம், ஒரு மைதானம் போதும். அமெரிக்காவில் கார் பார்க்கிங்கிலும் ஓடுபாதையிலும் ரப்பர் கோன் வைத்து வளைந்து வளைந்து பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராகப் போகும், கடிகாரம்தான் எதிரி. கோனைத் தட்டினால் 2 வினாடி கூடும். இங்கிலாந்தில் புல் தரையில் நடக்கும், நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரை. இதில் வேகம் பெரிதாக ஏறாது. வண்டியை எப்படித் திருப்புவது, எங்கே பிரேக் பிடிப்பது, சறுக்கினால் என்ன செய்வது எல்லாம் கையில் படியும். வீட்டில் இருக்கிற ஸ்விஃப்ட்டை வைத்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

கொஞ்சம் பேப்பர் சமாசாரம்

இது என் ஏரியா, அதனால் விட முடியாது. உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை, 'ரிலையபிலிட்டி ட்ரையல்' இவற்றுக்கெல்லாம் செல்லாது என்று போட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது என்ன என்று பலருக்குத் தெரியாது. கார் வழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேருமா என்று பார்க்க அந்தக் காலத்தில் நடத்திய நெடுந்தூர ஓட்டம் அது. 1904ல் டெல்லியிலிருந்து பம்பாய் வரை அப்படி ஒன்று நடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வார்த்தை நம் பாலிசியில் உட்கார்ந்திருக்கிறது!

ஆக, டிராக்கில் காரை இடித்தால் இன்ஷூரன்ஸ் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். லோன் பாக்கி இருந்தால் வண்டி நசுங்கினாலும் இ.எம்.ஐ. நசுங்காது. டிராக் டேக்கு முன்னால் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள், 'என் பொறுப்பில் ஓட்டுகிறேன்' என்று. படித்துவிட்டுப் போடவேண்டும்.

தெருவில் போட்டி போட்டால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189. மாநில அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 1 வருஷம், 10,000.

ஆனால் அபராதத்தையா நாம் பெரிதாக நினைக்கிறோம்? 2024 மே மாதம் எங்கள் புனேயில் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே. டிராக் ஒன்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வழக்கின் விவகாரம் வேறு. ஆனால் வேகத்துக்கு ஓர் இடம் உண்டு, அது தெரு இல்லை என்பது ஓட்டுகிற பிள்ளைகளின் மனதில் ஆழமாகப் பதியவேண்டும். வாட்கின்ஸ் க்ளென்காரர்கள் 7 வயதுப் பையனைப் பறிகொடுத்துத்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

புனே, மும்பைக்காரர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. லோனாவாலாவுக்கு அந்தப்பக்கம் ஆம்பி வேலியில் ஒரு தனியார் விமான ஓடுபாதை இருக்கிறது. அதில் நேர்கோட்டு வேகப் போட்டிகள் நடந்திருக்கின்றன. சுற்றிச் சுற்றி மறுபடி ஓடுபாதைக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்! பெரிய டிராக் வேண்டும் என்றால் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகலாம். ஊருக்குப் போகிறபோது இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலிப் பையனுக்கு இதைத்தான் சொன்னேன். முதலில் ஆட்டோகிராஸ் போ, வீட்டுச் சின்னக் காரோடு. கூட்டத்தில் நாலு பேரைத் தெரிந்துகொள். அப்புறம் டிராக் டேக்குப் போ. அதற்கும் முன்னால் ஒரு நாள் கொடி பிடிக்கப் போய் நில், யார் எங்கே தப்பு செய்கிறான் என்று மார்ஷலுக்குத்தான் முதலில் தெரியும். அவன் அப்பாவிடம், நீங்களும் கூடப் போங்கள், கேட்டுக்கு வெளியே கவலைப்பட்டு உட்காருவதைவிட உள்ளே கொடியோடு நிற்பது மேல் என்றேன். "வெயில் அடிக்குமே" என்றார். தொப்பி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களில் சோழவரம் போனவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். யார் ஓட்டியதைப் பார்த்தீர்கள், எந்த வருஷம், டிக்கெட் எவ்வளவு? பின்னூட்டத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும்.